பிரிஸ்பனில் செமஸ்டரின் கடைசி வாரங்கள்: தேர்வு நவம்பர் 20, ஊர் திரும்பும் டிக்கெட் நவம்பர் 16

அடையாற்றங்கரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் நான், மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டருக்காக ஜூலை இறுதியில் பிரிஸ்பன் வந்தேன். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் செயின்ட் லூசியா வளாகத்தில் நான்கு பாடங்கள் எடுத்திருக்கிறேன். 13 வார வகுப்புகளில் இது பதினோராவது வாரம். வளாகத்தில் ஜகரண்டா மரங்கள் ஊதா நிறத்தில் பூத்து உதிரத் தொடங்கிவிட்டன. அந்தப் பூ மண்ணில் விழும் நேரத்தில்தான் இங்குள்ள மாணவர்களுக்குத் தேர்வுப் பயமும் வரும் என்று முதல் வாரத்தில் கேள்விப்பட்டேன். இப்போது அது எனக்கும் வந்துவிட்டது.

என் முதன்மையான சிக்கல் டிக்கெட். போக, வர இரண்டையும் சேர்த்து எடுத்தால் செலவு குறையும் என்று அப்பா ஜூன் மாதத்திலேயே நவம்பர் 16ஆம் தேதிக்குத் திரும்பும் டிக்கெட்டையும் எடுத்துவிட்டார். தேர்வுக் காலம் நவம்பர் மூன்றாம் வாரம் வரை நீளும் என்பது அப்போதே பல்கலைக்கழக நாட்காட்டியில் இருந்திருக்கிறது. நாங்கள் அதைப் பார்க்கத் தவறிவிட்டோம். தேர்வு அட்டவணை வந்தபோது, நீரியல் பாடத்தின் தேர்வு நவம்பர் 20 என்று இருந்தது. பாட ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். பயணத்தைக் காரணமாகக் காட்டித் தேர்வைத் தள்ளிவைக்க விதியில் இடமில்லை என்று கனிவாகவே பதில் எழுதியிருந்தார். நவம்பர் 23ஆம் தேதி சித்தப்பா மகளின் திருமணம். அந்த அக்காவும் நானும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்பதால், அதைத் தவறவிடுவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

இதற்கிடையே ஒரு தவறான கணக்கும் மனதில் ஓடுகிறது. நீரியலில் இறுதித் தேர்வுக்கு 40 விழுக்காடு, குழுத் திட்ட அறிக்கைக்கு 25 விழுக்காடு. மீதமுள்ள 35இல் இதுவரை 28 வாங்கியிருக்கிறேன். குழு அறிக்கைக்கு 22 கிடைத்தால் மொத்தம் 50 ஆகிவிடும். தேர்வே எழுதாமல் கிளம்பினாலும் தேர்ச்சி பெற்றுவிடலாமோ என்று தோன்றுகிறது. இது சரியா?

குழு அறிக்கையிலும் ஒரு வருத்தம் இருக்கிறது. பிரிஸ்பன் ஆற்றின் வெள்ளங்களைப் பற்றி நால்வர் சேர்ந்து எழுதுகிறோம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது எனக்குப் பத்து வயது. இரவில் பாட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்காரர்களிடம் அடைக்கலம் புகுந்த குடும்பம் எங்களுடையது. செம்பரம்பாக்கம் ஏரித் திறப்பையும் இங்குள்ள வைவன்ஹோ அணையையும் ஒப்பிட்டு நான் எழுதிய இரண்டு பக்கங்களைக் குழுவில் ஒருவர் எனக்குச் சொல்லாமலேயே நீக்கிவிட்டார். கேட்க வாய் வரவில்லை. நான் வெளியூர்க்காரி, இன்னும் சில வாரங்களில் போய்விடுபவள் என்று நானே ஒதுங்கிக்கொண்டேன்.

இவை போக, டூவாங்கில் நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் வீட்டின் அறையைக் காலி செய்ய வேண்டும். வார இறுதிகளில் ஓர் உணவகத்தில் செய்துவந்த வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். தேர்வுக்கு முந்தைய படிப்பு விடுமுறையில் கெய்ன்ஸ் போய்ப் பெருந்தடுப்புப் பவளத்திட்டைப் பார்க்கலாம் என்று தோழிகள் அழைக்கிறார்கள். எதை முதலில் செய்வது, எதை விடுவது என்று இந்த வழியில் போய்வந்தவர்கள் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

ஆற்றோரவாசி எழுதுகிறார்:

வணக்கம் தங்கை. நான் 2017இல் முதுகலை படிக்க வந்து, படிப்பு முடிந்தபின் பிரிஸ்பனிலேயே பணியில் இருப்பவன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். இங்கே பல பொறியியல் பாடங்களில், மொத்தத்தில் 50 வாங்கினால் மட்டும் போதாது; இறுதித் தேர்வில் குறிப்பிட்ட விழுக்காட்டையாவது எடுத்தால்தான் தேர்ச்சி என்று தாண்டியே ஆக வேண்டிய ஒரு தடை வைத்திருப்பார்கள். உங்கள் பாடத்தின் விவரப் பக்கத்தில் மதிப்பீட்டுப் பகுதியைத் திறந்து, இறுதித் தேர்வுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே வாசித்துப் பாருங்கள். அப்படி ஒரு தடை இல்லாவிட்டாலும் நான் எழுதத்தான் சொல்வேன். இங்குள்ள ஏழு புள்ளி மதிப்பீட்டு அளவில் நான்கு வாங்கினால் வெறும் தேர்ச்சி. 35இல் 28 எடுத்திருக்கும் பெண்ணின் சான்றிதழில் அந்த நான்கு காலத்துக்கும் நிற்க வேண்டுமா?

எனவே டிக்கெட்டை மாற்றுங்கள். மாற்றுக் கட்டணம் வலிக்கத்தான் செய்யும். ஆனால் தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் கட்டண வித்தியாசம் கூடும். பள்ளி விடுமுறையும் கிறிஸ்துமஸ் கூட்டமும் நெருங்க நெருங்க இருக்கைகள் குறையும். பிரிஸ்பனிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் இல்லை. சிங்கப்பூர் வழியாகவோ கோலாலம்பூர் வழியாகவோ 21ஆம் தேதி கிளம்பினாலும் இடையில் எங்கும் தடங்கல் இல்லையென்றால் 22ஆம் தேதிக்குள் வீடு சேர்ந்துவிடலாம். திருமணத்துக்கு முந்தைய மாலை மண்டபத்தில் அக்காவின் பக்கத்தில் இருப்பீர்கள். இதை அப்பாவிடம் தொலைபேசியில் சொல்லும்போது தேர்வு அட்டவணையையும் அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு, பல்கலைக்கழகம் நம் வசதிக்குத் தேதியை மாற்றாது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் மனம் ஒப்பும்.

புதிய தேதியை உறுதிசெய்வதற்கு முன் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். உங்களுடையது 500 வகை மாணவர் விசா. ஒரு செமஸ்டருக்கு வந்தவர்களின் விசா, படிப்பு முடிந்தபின் நீண்ட நாள் நீடிக்காது. வெவோ என்ற அரசு இணையச் சேவையில் கடவுச்சீட்டு விவரங்களைக் கொடுத்தால் உங்கள் விசா எந்த நாளில் முடிகிறது என்று கட்டணமின்றிக் காட்டும். மாணவர் மருத்துவக் காப்பீட்டின் இறுதி நாளையும் அதோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டும் 21ஆம் தேதியைத் தாண்டி இருந்தால் கவலையில்லை.

அறை விஷயத்தை நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் அதில் அடிபட்டவன் நான். குயின்ஸ்லாந்தில் பாண்ட் எனப்படும் வாடகை முன்பணத்தை வீட்டுக்காரர் தன் பையில் வைத்துக்கொள்ளக் கூடாது. வாடகைக் குடியிருப்பு ஆணையத்திடம் செலுத்திவிட வேண்டும். செலுத்தியதற்கு ஆணையம் ஓர் எண் தரும். உங்களிடம் அந்த எண் இருக்கிறதா? பகிர்ந்து குடியிருக்கும் வீடுகளில் முன்பே இருந்த ஒருவர் கையில் நான்கு வார வாடகையைக் கொடுத்துவிட்டு, அது ஆணையத்துக்குப் போனதா என்றே தெரியாமல் செமஸ்டர் முழுவதும் இருந்துவிடும் மாணவர்கள் ஏராளம். எண் இல்லையென்றால் இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். கிளம்பும் வாரத்தில் கேட்டால் பதில் கிடைப்பதற்குள் விமானம் ஏறியிருப்பீர்கள்.

காலி செய்வதாக முன்னறிவிப்பு தருவதற்கும் நாட்கணக்கு உண்டு. வீட்டு ஒப்பந்தத்தில் குடியிருப்பவராக உங்கள் பெயர் இருந்தால் 14 நாட்கள். அறை வாடகை ஒப்பந்தமாக இருந்தால் 7 நாட்கள். குறித்த காலத்துக்கான ஒப்பந்தமாக இருந்தால் அந்தக் காலம் முடியும் முன் வெளியேறுவதற்கான செலவு உங்கள் மேல் விழலாம். ஆகையால் டிக்கெட் தேதி முடிவானதும் ஒப்பந்தத்தின் கடைசி நாளைப் பார்த்து, நவம்பர் முதல் வாரத்துக்குள் எழுத்தில் முன்னறிவிப்பு கொடுத்துவிடுங்கள். நான் முதுகலை முடித்து முதல் வீட்டை விட்டபோது, சுவரில் இருந்த பழைய கறைக்கும் அடுப்புத் தட்டின் துருவுக்கும் சேர்த்து முன்பணத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். குடிபுகுந்த நாளில் வீடு எந்த நிலையில் இருந்தது என்று நிரப்பிய அறிக்கையும் அன்று எடுத்த படங்களும் என்னிடம் இருந்ததால் மட்டுமே தப்பினேன். காலி செய்த அன்றே முன்பணத்தைத் திரும்பக் கேட்டு ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பித்துவிட்டால், மறுதரப்புக்கு அறிவிப்பு போகும். அவர்கள் மறுக்க விரும்பினால் 14 நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுக்காவிட்டால் பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும். அந்தப் பணம் வரும் வரை இங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.

உணவக வேலையைப் பொறுத்தவரை இரண்டு செய்திகள். படிப்புக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு தேர்வுக் காலத்துக்கும் பொருந்தும். வகுப்பு முடிந்துவிட்டதே என்று கூடுதல் நேரம் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டாவது, உங்கள் முதலாளி சூப்பர் எனப்படும் ஓய்வுகால நிதியில் உங்களுக்காகச் சம்பளத்தில் 12 விழுக்காடு செலுத்தியிருக்க வேண்டும். நாட்டை விட்டுப் போய், விசாவும் முடிந்தபின் அதைத் திரும்பப் பெற வரி அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மாணவர் விசாக்காரர்களுக்கு அதில் 35 விழுக்காடு வரியாகப் போய்விடும். மீதி சிறு தொகைதான் என்றாலும் உழைத்த பணம், விட்டுவிடாதீர்கள். நிதியின் பெயர், உறுப்பினர் எண், வரிக் கோப்பு எண், கடைசிச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கிளம்பும் முன் ஓர் இடத்தில் சேர்த்து வைத்துக்கொண்டால், சென்னையிலிருந்தே அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

கரும்பலகை எழுதுகிறார்:

நான் தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் நீர்வளப் பாடங்கள் நடத்துகிறேன். சில ஆண்டுகள் பரிமாற்ற மாணவர்களின் ஒருங்கிணைப்பாளராகவும் இருந்தேன். மேலே தம்பி எழுதியவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அவர் தொடாத இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, திரும்பியபின் உன் கல்லூரி உன்னிடம் கேட்கப் போகும் தாள்கள். நான்கு பாடங்களுக்கும் உரிய பாட விவரங்களை, வாரவாரியான தலைப்புகள், வகுப்பு நேரங்கள், மதிப்பீட்டு முறை எல்லாம் தெரியும்படி, முழுமையாகக் கணினியில் சேமித்துக்கொள். மாணவியாக உன் பதிவு முடிந்தபின் கற்றல் தளத்துக்குள் நுழையும் உரிமை போய்விடும். அதன்பின் ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்க வேண்டும். மதிப்பெண் சான்றிதழை ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் மை ஈக்வல்ஸ் என்ற தளத்தின் வழியே மின்வடிவில் வழங்குகின்றன. அதில் உன் சொந்த மின்னஞ்சல் முகவரியை இப்போதே இணைத்துவிடு. பல்கலைக்கழக முகவரியை மட்டும் நம்பியிருக்காதே. ஏழு புள்ளி அளவை நம் பத்துப் புள்ளி முறைக்கு மாற்றும் விதத்தை உன் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திடம் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கு. ஊர் திரும்பிய பின் கேட்கலாம் என்று இருந்து, ஒரு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் வெற்றாகவே நின்று, வளாக நேர்முகத் தேர்வுக்கு உட்கார முடியாமல் தவித்த ஒரு மாணவனை எனக்குத் தெரியும். இதை நான் அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு அன்று உதவ முடியாமல் போன வருத்தத்தில் சொல்கிறேன்.

இரண்டாவது, உன் இரண்டு பக்கங்கள். ஆசிரியராக என் மனதுக்குப் பட்டதைச் சொல்கிறேன். கேட்காமல் நீக்கியது தவறு, அதில் ஐயமில்லை. ஆனால் நீக்கியதற்குக் காரணம் இருக்கலாம். அறிக்கையின் மதிப்பீட்டு அளவுகோலை எடுத்து வை. பிரிஸ்பன் ஆற்றைப் பற்றிய கேள்விக்கு அடையாறு என்ன விடை தருகிறது என்பது உன் எழுத்தில் தெளிவாக இருந்ததா? 1974 வெள்ளத்துக்குப் பிறகு எழுந்தது வைவன்ஹோ அணை. குடிநீர்ச் சேமிப்பு, வெள்ளத் தடுப்பு இரண்டுமே அதன் வேலை. வெள்ளத்தைத் தேக்குவதற்கென்றே குடிநீர் மட்டத்துக்கு மேல் தனியாகக் கொள்ளளவு ஒதுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் 2011 ஜனவரியில் நகரத்து அளவுகோலில் ஆறு 4.46 மீட்டர் உயர்ந்தது. எப்போது, எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்ற கேள்வி நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் நடந்தது. செம்பரம்பாக்கமோ குடிநீருக்காக நிரப்பி வைக்கும் ஏரி. 2015இல் டிசம்பர் மழைக்கு முன்பே அது ஏறக்குறைய நிறைந்திருந்ததால், நொடிக்கு 29,000 கன அடி வரை திறக்க வேண்டி வந்தது. ஒரு நீர்த்தேக்கத்தை நிரப்பி வைப்பதா, வெற்றிடம் விட்டு வைப்பதா என்ற முடிவை மழை வருவதற்கு முன்பே எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு நகரங்களும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டன. ஒப்பீட்டின் உயிர் இதுதான். இதை ஓர் அட்டவணையும் அரைப் பக்கமுமாகச் சுருக்கி, அணை இயக்கத்தைப் பற்றிய பகுதியில் சேர்க்கும்படி கேள். கூடவே, கீழ்க்கரையில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை எத்தனை மணி நேரத்துக்கு முன் வந்தது என்பதையும் எழுது. பத்து வயதில் நீ கண்டதை உன் குழுவில் வேறு யாரும் எழுத முடியாது. ஆனால் அறிக்கையில் அது நினைவாக அல்லாமல் தரவாக நிற்க வேண்டும்.

வாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். பேராசிரியரையே பெயர் சொல்லி அழைக்கும் நாட்டில், சக மாணவரிடம் நேராகக் கேட்பதை யாரும் சண்டையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்காமல் இருப்பதைத்தான் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். பகிர்ந்து எழுதும் கோப்பில் பழைய பதிப்பு அப்படியே இருக்கும். அதை மீட்டு எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போ.

அடையாற்றங்கரை எழுதுகிறார்:

அண்ணாவுக்கும் ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி. பாட விவரத்தைப் பார்த்தேன். இறுதித் தேர்வில் குறைந்தது 40 விழுக்காடு எடுக்காவிட்டால் பாடத்தில் தேர்ச்சி இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. செமஸ்டர் தொடக்கத்திலேயே அதைப் படித்திருக்க வேண்டும். இன்று காலை அப்பாவிடம் பேசிவிட்டேன். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, தேர்வு எழுதாமல் வருவதற்கா அவ்வளவு தூரம் அனுப்பினேன் என்று கேட்டார். 21ஆம் தேதிக்கு மாற்றச் சம்மதித்துவிட்டார். விசா டிசம்பர் நடு வரை இருக்கிறது.

முன்பணத்துக்கு எண் எதுவும் என்னிடம் இல்லை. வீட்டில் மூத்தவரான தோழிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். கெய்ன்ஸ் பயணத்தைப் பற்றி மட்டும் இன்னும் முடிவெடுக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பவளத்திட்டைப் பார்க்காமல் போவது சரியா என்ற எண்ணம் விட மறுக்கிறது.

மழைக்குயில் எழுதுகிறார்:

அன்புத் தோழிக்கு, நானும் இதே நகரத்தில் ஒரு செமஸ்டர் பரிமாற்ற மாணவியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். கெய்ன்ஸ் பற்றி எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன்: நான் போனேன். படிப்பு விடுமுறை வாரத்தில் நான்கு நாட்கள். வரைபடத்தில் ஒரே மாநிலம்தானே என்று கிளம்பிவிட்டோம். சாலை வழியாகப் பிரிஸ்பனிலிருந்து கெய்ன்ஸ் ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். விமானத்தில் போனாலும் போவதற்கு ஒரு நாளும் வருவதற்கு ஒரு நாளும் கரைந்துவிட்டன. நவம்பர் முதல் மே வரை அந்தக் கடலில் கொடிய நஞ்சுள்ள ஜெல்லிமீன்கள் வரும் காலம் என்பதால், உடல் முழுவதும் மூடும் உடை அணிந்துதான் இறங்கினோம். பவளம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் படகில் திரும்பும்போது கையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தேன். கடலையும் முழுதாகப் பார்க்கவில்லை, பாடத்தையும் முழுதாகப் படிக்கவில்லை. திரும்பி வந்த மறுநாளிலிருந்து தேர்வுகள். வீட்டுத் தோழிகளிடம் விடைபெறுவதற்குக் கிடைத்தது ஒரே ஓர் இரவு. இன்றும் எனக்கு உறுத்துவது அந்த இரவுதான்.

உங்களால் பின்னொரு நாள் கெய்ன்ஸ் போக முடியும். சுற்றுலாவாகக் குடும்பத்தோடு கூட வரலாம். டூவாங் வீட்டின் சமையலறையில் அந்த நான்கு பேரும் சேர்ந்து உட்காரும் மாலையோ இந்தச் சில வாரங்களுக்கு மட்டும்தான். ஒரு நாள் கடல் பார்த்தே ஆக வேண்டும் என்றால், ஏதாவது ஒரு சனிக்கிழமை அதிகாலை கிளீவ்லண்டுக்கு ரயிலில் போய், அங்கிருந்து படகில் மிஞ்செரிபா தீவுக்குப் போய்வாருங்கள். வரைபடங்களில் வடக்கு ஸ்ட்ராட்புரோக் என்றும் இருக்கும். குவாண்டமூக்கா மக்களின் மண் அது. பாயின்ட் லுக்அவுட் பாறைமுனையில் நின்றால், தெற்கு நோக்கித் திரும்பும் கூனல் திமிங்கிலங்களில் கடைசியாகப் போகிறவற்றை நவம்பர் தொடக்கத்தில்கூடப் பார்க்க வாய்ப்புண்டு. மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். பேருந்துக்கும் ரயிலுக்கும் நகரப் படகுக்கும் இப்போது 50 சென்ட்தான் கட்டணம் என்று அறிந்தேன். எங்கள் காலத்தில் அந்த வாய்ப்பு இல்லை. தீவுக்குப் போகும் படகுக்கு மட்டும் தனிக் கட்டணம்.

படிப்பு வாரத்தில் உங்களுக்குத் துணையாக வரப்போவது குயில். நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். நியூகினி பக்கத்திலிருந்து வசந்தத்தில் இங்கே வரும் இந்தப் பறவை நம் ஊர்க் குயிலுக்கு நெருங்கிய உறவு. கடும் கோடைமழைக்கு முன் கூவுவதால் இங்கே மழைப்பறவை என்பார்கள். நவம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும், அதற்கும் முன்பே இது தொடங்கிவிடும். முதலில் எனக்குத் தூக்கம் கெட்டது எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த நேரத்தையே படிப்பதற்கு எடுத்துக்கொண்டேன். பிற்பகலில் வெயிலும் புழுக்கமும் ஏறி, மாலையில் இடியோடு மழை கொட்டும், ஆலங்கட்டியும் விழும். எனவே காலை ஐந்திலிருந்து பதினொன்று வரை படித்துவிட்டு, மதியத்துக்கு மேல் நூலகத்துக்குப் போவது எனக்குப் பொருந்தியது. முந்தைய ஆண்டு வினாத்தாள்களை நூலகத் தளத்தில் எடுத்து, மூன்றையாவது கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். தேர்வுக் கூடத்தில் எந்தக் கணிப்பான் அனுமதிக்கப்படும் என்பதை முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள். ஊரிலிருந்து கொண்டுபோன என் கணிப்பான் அந்தப் பட்டியலில் இல்லை என்று முந்தைய நாள் மாலைதான் தெரிந்தது. தோழி ஒருத்தி தன்னுடையதைக் கொடுத்து உதவினாள்.

ஒரு பிற்பகலை மட்டும் சவுத் பேங்கில் உள்ள குயின்ஸ்லாந்து கலைக்கூடத்துக்கு ஒதுக்குங்கள். அனுமதி இலவசம். காட்ஃபிரி ரிவர்ஸ் 1903இல் வரைந்த ஜகரண்டா மரத்தடி ஓவியம் அங்கே இருக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம் இந்த ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. வெளியே உதிர்ந்து கிடக்கும் பூவையும் உள்ளே ஓவியத்தில் உதிரும் பூவையும் ஒரே நாளில் பார்ப்பது அக்டோபர், நவம்பரில் இங்கே இருப்பவர்களுக்கு மட்டும் கிடைப்பது.

தீபாவளி பன்னிரண்டாவது வாரத்தில் வருகிறது அல்லவா? வகுப்பு நாளில் வந்தால் மனம் சோர்ந்துபோகும்; எனக்குப் போனது. அன்று அம்மாவிடம் பேசிவிட்டு அழுதுகொண்டிருந்த என்னை, வீட்டில் இருந்த கொலம்பியத் தோழி சமையலறைக்கு இழுத்துப்போய், உங்கள் ஊர்ப் பண்டம் ஏதாவது செய்து காட்டு என்றாள். கடலை மாவும் சர்க்கரையும் நெய்யும் வைத்து நான் கிளறியது மைசூர்பாகு ஆகவில்லை, ஆனாலும் நால்வரும் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டோம். தென் மக்லீனில் உள்ள ஸ்ரீ செல்வ விநாயகர் கோயிலுக்கும் ஒரு முறை போய்வாருங்கள். கார் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம் யாராவது அழைத்துப்போனால்தான் எளிது.

அடையாற்றங்கரை எழுதுகிறார்:

அக்கா, உங்கள் பதிலை இரண்டு முறை படித்தேன். கெய்ன்ஸ் வேண்டாம் என்று தோழிகளிடம் சொல்லிவிட்டேன். மிஞ்செரிபாவுக்கு வரும் சனிக்கிழமை வீட்டார் நால்வரும் போகிறோம்.

குழுக் கூட்டம் நேற்று நடந்தது. அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, ஐயா சொன்னபடி அட்டவணையாக எழுதிக் கொண்டுபோனேன். என் பக்கங்களை நீக்கியவர், சொல் வரம்பைத் தாண்டிவிட்டது என்ற பதற்றத்தில் நள்ளிரவில் செய்ததாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். 2011இல் அவருடைய வீட்டுக் கீழ்த்தளம் முழுவதும் மூழ்கியதாம். அப்போது அவருக்கு ஆறு வயது. இரண்டு மாதங்களாக ஒரே அறிக்கையில் வேலை செய்திருக்கிறோம், இருவருமே இதைச் சொல்லிக்கொள்ளவில்லை. எச்சரிக்கை நேரத்தைப் பற்றிய பகுதியை இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதுகிறோம்.

முன்பணத்தில்தான் ஒரு குழப்பம். ஆணையத்தில் செலுத்தியிருக்கிறார்கள்; ஆனால் முழுத்தொகையும் மூத்த தோழியின் பெயரில் மட்டும் இருக்கிறது. இதற்கு என்ன செய்வது?

ஆற்றோரவாசி எழுதுகிறார்:

பணம் ஆணையத்திடம் பத்திரமாக இருக்கிறது என்பதே நல்ல செய்தி, தங்கை. நீங்கள் கொடுத்த பங்கை உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டு ஆணையத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குத் தோழியின் ஒப்புதல் வேண்டும். உங்கள் இடத்துக்குப் புதிதாக வேறொரு மாணவி வரப் போகிறார் என்றால், அவர் உங்கள் பங்கை உங்களிடம் கொடுத்துவிட்டு உள்ளே வருவதும் இங்கே வழக்கம். எதுவானாலும், எவ்வளவு கொடுத்தீர்கள், எந்த நாளில் கொடுத்தீர்கள் என்று தோழி ஒப்புக்கொள்ளும் ஒரு மின்னஞ்சலை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். ஆகஸ்டில் அவருக்கு அனுப்பிய வங்கிப் பரிமாற்றத்தின் பதிவையும் சேமித்து வையுங்கள். தீவுக்குப் போகும் படகில் அவரும் இருப்பார் அல்லவா, அங்கேயே பேசிவிடுங்கள்.